மண்ணீரலில் சாதாரணக் கட்டி: நுண்துளை அறுவைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

சிறுநீரகக் கல்லுக்காகவோ பித்தப்பை வலிக்காகவோ வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போன சிலருடைய அறிக்கையில், யாரும் தேடாத ஒரு செய்தி கடைசி வரியில் வந்து நிற்கும். மண்ணீரலில் இத்தனை சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிகிறது, மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பதே அந்தச் செய்தி. மண்ணீரல் உடலில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அதுவரை யோசித்திராதவருக்கு, அந்த ஒரு வரி பல நாள் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. மண்ணீரலில் தோன்றும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. சாதாரணக் கட்டிகளில் பல, வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிடும். அறுவை தேவைப்படுபவற்றையும் வயிற்றை நீளமாகக் கிழிக்காமல் சில துளைகள் வழியாகவே எடுத்துவிட இன்று முடிகிறது. அந்த வழியில் நோயாளியும் குடும்பத்தாரும் எந்தக் கட்டத்தில் எதைக் கேட்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எதை மறக்கவே கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கட்டி சாதாரணமானது என்றால், மண்ணீரல் முழுவதையும் எடுத்துவிடுவது முதல் யோசனையாக இருக்கக் கூடாது. கட்டியை மட்டும், அதைச் சுற்றியுள்ள சிறு பகுதியோடு எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்பதுதான் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. முழுவதையும் எடுத்தே தீர வேண்டும் என்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அப்போது வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்க வேண்டிய சில விதிகள் கூடவே வருகின்றன.

இந்த உறுப்பு என்ன செய்கிறது

இடது விலாக்கூட்டுக்குள், ஒன்பதாவது விலா எலும்பிலிருந்து பதினொன்றாவது வரைக்கும் நேராக, உதரவிதானத்தை ஒட்டி மண்ணீரல் அமைந்திருக்கிறது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 150 கிராம் எடை இருக்கும். வயதான சிவப்பணுக்களைப் பிரித்து அழிப்பதும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கைத் தேக்கி வைப்பதும் அதன் வேலைகள். அதைவிட முக்கியமானது, தடித்த உறை போர்த்திய சில பாக்டீரியாக்களை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது. நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா பி ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை.

மண்ணீரல் இல்லாமலும் வாழலாம், ஆகவே எடுத்தால் இழப்பில்லை என்ற எண்ணம் மருத்துவ உலகில் நெடுங்காலம் இருந்தது. 1952இல் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ஹெரால்ட் கிங், ஹாரிஸ் ஷூமேக்கர் என்ற இரு அறுவை மருத்துவர்கள், மண்ணீரல் நீக்கப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளுக்குப் பின்னாளில் கடுமையான தொற்று ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். அந்த எண்ணம் ஆட்டம் கண்டது அதற்குப் பிறகுதான். அத்தகைய தொற்று அரிதாகத்தான் வரும். ஆனால் வந்தால் காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கி இரவுக்குள் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ பாதிப் பேர்வரை இறக்கக்கூடும். ஆகவேதான் மண்ணீரலில் காப்பாற்றக்கூடிய ஒவ்வொரு துண்டும் மதிப்புள்ளது என்கிறேன்.

எல்லாக் கட்டிக்கும் அறுவை வேண்டாம்

சாதாரணக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது ரத்தநாளங்கள் பின்னிக்கொண்டு உருவாகும் ஹெமாஞ்சியோமா. நிணநீர் நாளங்களிலிருந்து தோன்றும் லிம்ஃபாஞ்சியோமா, மண்ணீரல் திசுவே தாறுமாறாக வளர்ந்து திரண்டுவிடும் ஹமார்டோமா ஆகியவையும் உண்டு. நீர்க்கட்டிகள் தனி வகை. பிறவியிலேயே வருபவை, பழைய அடியின் ரத்தக்கசிவு உறைந்து பின்னர் நீராக மாறியவை, நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டைகளால் வரும் ஹைடாடிட் கட்டிகள் என்று அவற்றிலும் பிரிவுகள் இருக்கின்றன. ஹைடாடிட் என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் அதற்கான ரத்தப் பரிசோதனையை அறுவைக்கு முன்பே செய்துவிட வேண்டும். அந்தக் கட்டிக்குள் இருக்கும் நீர் வயிற்றுக்குள் சிந்தினால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து வரலாம். சிந்திய இடங்களில் புதிய கட்டிகளும் முளைக்கலாம். அத்தகையவர்களுக்கு புழுவை அழிக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கிவிட்டுத்தான் பெரும்பாலும் அறுவைக்குப் போவார்கள்.

அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்தால் அடுத்த படி, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கட்டிக்குள் மருந்து எப்படிப் பரவுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை வைத்துக் கதிரியக்க மருத்துவர் அதன் வகையைப் பெருமளவு கணித்துவிடுவார். ஆனாலும் சில கட்டிகளின் உண்மையான இயல்பு, எடுத்த பிறகு நுண்ணோக்கியில் பார்க்கும்போதுதான் உறுதியாகும். ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். மண்ணீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. அதிலும் ரத்தநாளக் கட்டியில் ஊசி இறங்கினால் ரத்தக்கசிவு நிற்காமல் போகலாம். ஆகவே சாதாரணக் கட்டி என்று ஸ்கேனே காட்டும்போது ஊசியைத் தவிர்ப்பதுதான் வழக்கம்.

கட்டி சிறியதாக, தொல்லை தராததாக, ஸ்கேனில் சாதாரணக் கட்டிக்குரிய அடையாளங்கள் தெளிவாக உள்ளதாக இருந்தால், ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே சரியான சிகிச்சை. பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரே கோப்பில் வைத்திருங்கள். கட்டி வளர்கிறதா என்பதை ஒப்பிட்டுச் சொல்ல அவை இல்லாமல் முடியாது. கட்டி வளர்ந்துகொண்டே போனாலோ, நான்கைந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, இடது விலாவின் கீழ் வலியோ கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும் உணர்வோ இருந்தாலோ, தட்டணுக்கள் குறைந்தாலோ, புற்றுநோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை இருந்தாலோ அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். முன்பு வேறிடத்தில் புற்றுநோய் வந்திருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், இரவில் வியர்த்துக் காய்ச்சல் அடித்தாலும் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது கணக்கே மாறிவிடும்.

பாதியா, முழுவதுமா

மண்ணீரலில் பாதியை எடுத்துவிட்டு மீதியை வைத்திருக்க முடிவதற்கு அதன் ரத்த ஓட்டம் அமைந்திருக்கும் விதமே காரணம். மண்ணீரல் தமனி உறுப்புக்குள் நுழைவதற்கு முன்பே கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் பெரும்பாலும் தனக்குரிய பகுதிக்கு மட்டுமே ரத்தம் கொடுக்கிறது. ஒரு கண்மாயிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் தத்தம் வயலுக்கு மட்டும் பாய்வதைப் போன்ற அமைப்பு இது. ஒரு வாய்க்காலை அடைத்தால் அந்த வயல் மட்டும்தான் காயும். இதைப் பயன்படுத்தி பிரேசிலைச் சேர்ந்த மார்செலோ காம்போஸ் கிறிஸ்டோ 1960களின் தொடக்கத்திலேயே மண்ணீரலின் ஒரு பகுதியை மட்டும் நீக்கிக் காட்டினார். லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை வழியில் மண்ணீரலை எடுத்த முதல் அறுவைகளில் ஒன்றை 1991இல் பிரான்சின் பெர்னார்ட் டெலெட்ர் செய்தார். இந்த இரண்டு வழிகளும் பின்னர் ஒன்றிணைந்ததன் விளைவே இன்று நாம் பேசும் நுண்துளை வழிப் பகுதி நீக்கம்.

கட்டி மேல் முனையிலோ கீழ் முனையிலோ இருந்தால் பகுதி நீக்கத்துக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ரத்தநாளங்கள் நுழையும் நடு வாயிலை ஒட்டி இருந்தாலோ, பல கட்டிகள் சிதறிக் கிடந்தாலோ, உறுப்பின் பெரும்பகுதியைக் கட்டியே விழுங்கியிருந்தாலோ முழு நீக்கமே பாதுகாப்பானது. தொற்றைத் தடுக்கும் வேலையைத் தொடர்ந்து செய்ய, குறைந்தது நான்கில் ஒரு பங்கு மண்ணீரலாவது நல்ல ரத்த ஓட்டத்தோடு மிஞ்ச வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குழந்தைகளுக்கு, அதிலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு, முழு நீக்கத்தைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும்.

நீர்க்கட்டிகளுக்கு மேற்பகுதிச் சுவரை மட்டும் வெட்டித் திறந்துவிடும் எளிய முறையும் உண்டு. அது விரைவாக முடிந்தாலும், உள் உறை அப்படியே தங்குவதால் கட்டி மறுபடி நீர் கோத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. அந்த யோசனை சொல்லப்பட்டால், திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாத கேள்விகள் வேறு சிலவும் உள்ளன. பகுதி நீக்கத்தில் அவருக்கு அனுபவம் எவ்வளவு? நடுவில் ரத்தக்கசிவு மிகுந்தால் முழு நீக்கமாகவோ திறந்த அறுவையாகவோ மாற்றுவாரா? ரத்தம் ஏற்பாடு செய்து வைக்கப்படுமா? திறந்த அறுவைக்கு மாறுவதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். உயிரைக் காக்கத் தக்க நேரத்தில் எடுக்கும் அந்த முடிவை முன்கூட்டியே மனம் திறந்து சொல்லும் மருத்துவரை நான் கூடுதலாக நம்புவேன்.

தடுப்பூசியை அறுவைக்கு முன்பே முடியுங்கள்

தயாரிப்பில் மிக முக்கியமானதும் அடிக்கடி விட்டுப்போவதும் தடுப்பூசிதான். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி ஆகிய மூன்றுக்கும் எதிரான ஊசிகளை, அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். மண்ணீரல் உடலில் இருக்கும்போது போடும் ஊசிக்கு எதிர்ப்பாற்றல் நன்றாக உருவாகும் என்பதே காரணம். ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். நிமோகாக்கஸ் ஊசியில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதால், எந்த வகை முதலில், அடுத்தது தேவையா, எத்தனை வாரம் கழித்து என்பதை மருத்துவரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா மருந்துக் கடையிலும் இவை கையிருப்பில் இருப்பதில்லை. ஆகவே அறுவைத் தேதி குறித்த அன்றே தேடத் தொடங்குங்கள். பகுதியை மட்டுமே எடுக்கப்போகிறார்கள், ஊசி எதற்கு என்று கேட்கலாம். பகுதி நீக்கம் நடுவில் முழு நீக்கமாக மாறிவிட்டால் அன்றைக்கு ஊசிக்கு எங்கே போவது? அவசர அறுவையில் முன்கூட்டிப் போட முடியாமல் போனவர்கள், அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றவை எல்லா வயிற்று அறுவைக்கும் பொதுவானவை. ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று கேட்டறிவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, புகைப் பழக்கத்தை விடுவது, மூச்சுப் பயிற்சியை வீட்டிலேயே தொடங்குவது ஆகியவை போதும். கட்டி மிகப் பெரியதாக இருந்தால், தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தித் தமனியை அடைக்கும் சிகிச்சையை அறுவைக்கு முன்னதாகச் செய்வதும் உண்டு.

அறுவை அரங்கில் நடப்பது

முழு மயக்கம் கொடுத்தபின் நோயாளியை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, இடது கையை மேலே தூக்கிக் கட்டுவார்கள். அப்போது இரைப்பையும் குடலும் தம் எடையாலேயே கீழே சரிந்துவிட, மண்ணீரல் உதரவிதானத்தைப் பற்றிக்கொண்டு மேலே தொங்குவது போல நிற்கும். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, 5 முதல் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று அல்லது நான்கு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் நுழைப்பார்கள்.

முதலில் பெருங்குடலோடும் இரைப்பையோடும் மண்ணீரலை இணைக்கும் சவ்வுகளைப் பிரித்து, இரைப்பைக்குச் செல்லும் சிறு நாளங்களை மூடிவிட்டு, பின்னாலிருக்கும் மண்ணீரல் தமனியைக் கண்டுபிடிப்பார்கள். கசிவு மிகுந்தால் உடனே இறுக்கிக்கொள்ள வசதியாக அந்தத் தமனியைச் சுற்றி ஒரு நாடாவைப் போட்டு வைப்பது நல்ல வழக்கம். கணையத்தின் வால் பலருக்கு மண்ணீரலின் வாயில் வரை நீண்டு அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நாளங்களை மூடி வெட்டும் ஸ்டேப்லர் கருவி அதில் ஒரு நூலளவு பட்டாலும் கணைய நீர் கசிந்து வாரக்கணக்கில் தொல்லை கொடுக்கும். ஆகவே இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது.

அடுத்து, கட்டியுள்ள பகுதிக்குப் போகும் கிளைகளுக்கு மட்டும் கிளிப் போடுவார்கள். அதன்பின் சில நிமிடங்களில் திரையில் தெரியும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முற்றிய நாவல் பழம் போலப் பளபளத்துக்கொண்டிருந்த மண்ணீரலில், கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை உருவாகும். ரத்தம் நின்ற பக்கம் மங்கிக் கறுத்துக்கொண்டே போகும். மறுபக்கம் தன் நிறத்தோடு அப்படியே இருக்கும். வெட்ட வேண்டிய இடத்தை உறுப்பே காட்டிக்கொடுக்கிறது. கட்டி முழுவதும் கறுத்த பக்கத்துக்குள் அடங்கிவிட்டதா என்பதைச் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியால் உறுதி செய்துகொண்டு, எல்லைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கறுத்த பக்கமாகவே வெட்டுவார்கள். ரத்தம் ஓடாத திசுவில் வெட்டுவதால் கசிவு மிகக் குறைவாக இருக்கும். மீயொலிக் கத்தியும் நாளங்களை ஒட்டி மூடும் கருவியும் இதற்குத் துணை செய்கின்றன. மிஞ்சிய பகுதி பிடிமானம் இல்லாமல் திருகிக்கொள்ளும்போல் இருந்தால், அதை ஒட்டித் தைத்து நிறுத்துவார்கள்.

வெட்டிய பகுதியை உறுதியான பைக்குள் போட்டு, பையோடு வெளியே எடுப்பார்கள். பை கிழிந்து மண்ணீரல் துணுக்குகள் வயிற்றுக்குள் சிந்தினால் அவை அங்கங்கே ஒட்டி வளரக்கூடும். சிறிய துளை வழியாக எடுப்பதற்காகத் துண்டாக்கி எடுப்பதும் வழக்கம்தான். ஆனால் கட்டியின் இயல்பு உறுதியாகாத நிலையில், அடிவயிற்றில் சிறு கீறல் போட்டு முழுதாக எடுப்பதே மேல். நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்லும் மருத்துவருக்குச் சிதையாத கட்டி வேண்டும்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நூறு பேரில் பத்து முதல் முப்பது பேருக்கு, மண்ணீரலுக்கு அருகே கோலிக்குண்டு அளவில் ஒரு துணை மண்ணீரல் இருக்கும். தட்டணுக்களை மண்ணீரல் அழிக்கும் நோய்களில் அதையும் தேடி எடுத்தாக வேண்டும். சாதாரணக் கட்டிக்காகச் செய்யும் அறுவையில் அதைத் தொடாமல் விட்டுவிடலாம். அதற்காக அதுவே முழுப் பாதுகாப்புத் தரும் என்று நம்பி விதிகளைத் தளர்த்திவிடக் கூடாது.

மருத்துவமனையில் அடுத்த சில நாட்கள்

சிக்கல் இல்லையென்றால் அன்றே அல்லது மறுநாள் எழுந்து நடக்கலாம், நீராகாரம் தொடங்கலாம். பெரும்பாலானோர் சில நாட்களில் வீடு திரும்புவார்கள். இடது தோளில் ஒரு வலி வந்து சிலரைப் பயமுறுத்தும். வாயுவால் உதரவிதானம் உறுத்தப்படுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம், இரண்டொரு நாளில் அடங்கிவிடும். ஆனால் அந்த வலியோடு மயக்கம், படபடப்பு, வயிறு உப்பல் சேர்ந்தால் உள்ளே ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டாமல் இருக்க, மணிக்கொரு முறை ஆழ்ந்து மூச்சு இழுத்து விடுங்கள். வடிகுழாய் வைத்திருந்தால், அதில் வரும் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவைச் சோதித்துக் கணைய நீர் கசியவில்லை என்று உறுதி செய்தபின் எடுப்பார்கள்.

முழு நீக்கத்துக்குப் பிறகு, தட்டணுக்களைத் தேக்கி வைக்க இடமில்லாததால் அவற்றின் எண்ணிக்கை முதல் சில வாரங்களில் மிகவும் ஏறும். பத்து லட்சத்தைத் தாண்டுபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆஸ்பிரின் தருவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரையில் ரத்தம் உறையும் ஆபத்தும் இதே வாரங்களில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றுவலி, காய்ச்சல், வாந்தி ஆகியவை தொடங்கினால், வாயுத்தொல்லை என்று சோடா குடித்துப் படுத்துவிடாமல், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

திசு ஆய்வின் முடிவு வந்ததும் அதன் நகலைக் கையில் வாங்குங்கள். சாதாரணக் கட்டி என்று உறுதியானால் அத்தோடு அந்தக் கவலை முடிந்தது. அரிதான சில ரத்தநாளக் கட்டிகளாக இருந்தால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டி வரும்.

காய்ச்சல் விதி

எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு விபத்தில் மண்ணீரலை எடுத்தவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியில், தடுப்பூசியைப் பற்றியோ காய்ச்சலைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லாததைக் கண்டிருக்கிறேன். வயிற்றுத் தழும்பைக் காட்டி, ஏதோ ஆபரேஷன் செய்தார்கள் என்று மட்டும் சொல்வார்கள். அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

மண்ணீரல் முழுவதும் எடுக்கப்பட்டவருக்கு 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல் எதுவாக இருந்தாலும் அவசர நிலைதான். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்பது மற்றவர்களுக்குச் சரி, உங்களுக்கு அல்ல. அவசரத்துக்கு வீட்டில் வைத்திருக்க ஓர் ஆன்டிபயாட்டிக்கை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி, காய்ச்சல் கண்டதும் முதல் வேளையைப் போட்டுக்கொண்டு, அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லி மாற்று மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகமுள்ள பெரியவர்களுக்கும் தினசரி பென்சிலின் மாத்திரை ஆண்டுக்கணக்கில் தரப்படுவதுண்டு. அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

நாய் கடித்தால் வெறிநாய்க்கடி ஊசியோடு நிறுத்திவிடுவது நம்மிடம் உள்ள பழக்கம். மண்ணீரல் இல்லாதவருக்கு நாயின் எச்சிலில் உள்ள ஒருவகை பாக்டீரியாவே கடும் தொற்றை உண்டாக்கும் என்பதால், சிறு பல் பட்ட காயத்துக்கும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். மலேரியாவும் இவர்களைக் கடுமையாகத் தாக்கக்கூடியது. ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் மலைக்காட்டுப் பகுதிகளுக்கோ ஆப்பிரிக்க நாடுகளுக்கோ வேலைக்குப் போகிறவர்கள், புறப்படும் முன்பே தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பகுதி நீக்கம் செய்துகொண்டவர்கள், மிஞ்சிய மண்ணீரல் வேலை செய்கிறதா என்பதைச் சில மாதம் கழித்து டாப்ளர் ஸ்கேனாலும் ரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனையாலும் தெரிந்துகொள்ளலாம். சிவப்பணுக்களுக்குள் ஹோவல்–ஜாலி என்ற புள்ளிகள் தென்பட்டால், வடிகட்டும் வேலை சரியாக நடக்கவில்லை என்று பொருள். அப்படியானால் முழு நீக்கத்துக்கான விதிகள் அனைத்தும் அவர்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக, மண்ணீரல் முழுவதும் எடுக்கப்பட்டவர்கள் ஒரு சிறு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இவ்வாறு எழுதி, மணிபர்சில் ஒன்றும் வீட்டில் இருப்பவரின் செல்போன் உறைக்குள் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள்: எனக்கு மண்ணீரல் இல்லை. அறுவை நடந்த தேதி இது. போட்டுக்கொண்ட தடுப்பூசிகளும் அவற்றின் தேதிகளும் இவை. எனக்கு ஒவ்வாத மருந்து இது. எனக்குக் காய்ச்சல் இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஆன்டிபயாட்டிக்கை உடனே தொடங்கவும்.